விலாசம் இல்லாத ஆசாரி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சப்பரமஞ்சக் கட்டில் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். என்ன மரம்? எத்தனை வருஷம் இருக்கும்? எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது? கடைக்காரரிடம் மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கும். பர்மா தேக்கு, நூறு வருஷத்துக்குக் குறையாது, ராயவரம் பக்கம் ஒரு பெரிய வீடு. நான்காவதாக ஒரு கேள்வி உண்டு: இதைச் செய்த ஆசாரி யார்? அதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

ராயவரம் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானும் நினைவுக்கு வருகிற வேகத்தில் திருமயம் வட்டத்து அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, விராச்சிலை, பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி நினைவுக்கு வருவதில்லை. பொன்னமராவதிப் பக்கத்து மேலைச்சிவபுரியும் வேந்தன்பட்டியும் அப்படித்தான். 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை இவை தொண்டைமான் சமஸ்தானத்துக் கிராமங்கள். வற்றாத ஆறு கிடையாது. கண்மாய் நிரம்பினால்தான் வயல். அந்த வறண்ட மண்ணில், ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் நீளத்துக்கு வீடுகள். உள்ளே பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியப் பளிங்கு, பர்மா தேக்குத் தூண்கள், ஈட்டி மர நாற்காலிகள்.

இந்த வீடுகளின் சாமான்களில் ஒரு வழக்கம் உண்டு. பித்தளை அண்டா முதல் டிபன் கேரியர் வரை உடைமைக்காரரின் ‘விலாசம்’ வெட்டப்பட்டிருக்கும். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பேச்சில் விலாசம் என்பது முகவரி மட்டுமன்று. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்பக் குறி அது. ரங்கூன் கடைப் பலகையில் இருந்ததும், உண்டியலில் எழுதப்பட்டதும், மகளுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரத்தில் வெட்டப்பட்டதும் ஒரே எழுத்துகள்தான். பங்காளிகள் பலர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீட்டில், எந்தச் சாமான் எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, உரியது என்று தகராறு வராமல் காத்தவை அந்த எழுத்துகள்.

ஆக, பொருள் யாருடையது என்பதை அழியாமல் எழுதிவைக்கத் தெரிந்த சமூகம் இது. யார் செய்தது என்பதை எழுதிவைக்கும் வழக்கம்தான் வரவில்லை. நகரத்தாரிடம் மட்டும் கண்ட குறையன்று இது. உலகம் முழுக்க உயர்ந்த ரக மரச்சாமான்களின் கதை ஏறக்குறைய இப்படித்தான். ஆனாலும் புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து லாரியேறும் ஒவ்வொரு கட்டிலும் அந்தக் கதையைத் துலக்கமாகச் சொல்லும்.

மரம் வந்த வழி

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில் மரத்தை நிற்கும்போதே கொன்றார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதன் உட்புற வெளிர்மரத்தையும் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையில் காயவிட்டு, பிறகு சாய்ப்பார்கள். யானைகள் ஓடைக்கரை வரை இழுத்து வரும். மழைவெள்ளம் ஓடையிலிருந்து ஆற்றுக்குத் தள்ளும். ஆற்றில் தெப்பமாகக் கட்டி, ஐராவதியின் வழியே ரங்கூன் மர அறுவை ஆலைகளுக்குக் கொண்டுவருவார்கள். கோடாலி பட்ட நாளுக்கும் ரம்பம் பட்ட நாளுக்கும் இடையில் சில மரங்களுக்கு ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளி முழுக்க மனித உழைப்பு. ஜெர்மானிய வன அதிகாரி டீட்ரிச் பிராண்டிஸ் 1850-களில் பெகு காடுகளின் பொறுப்பேற்ற பிறகு பரவிய ‘டவுங்யா’ முறையில், மலைச்சரிவில் காடு திருத்திப் பயிர் செய்த கரேன் மக்களே தங்கள் பயிருக்கு நடுவில் தேக்கு விதை ஊன்றினார்கள். பயிர் முடிந்ததும் குடும்பம் வேறு சரிவுக்குப் போகும்; தேக்கு அரசாங்கத்துக்கு நிற்கும். யானைப்பாகர்களும் மரம் வெட்டுவோரும் தெப்பம் ஓட்டுவோரும் பர்மியர்கள், கரேன்கள், ஷான்கள். ரங்கூன் துறைமுகத்திலும் ஆலைகளிலும் மேஸ்திரிகள் கப்பலேற்றிக் கொண்டுவந்த தெலுங்கு, தமிழ்க் கூலிகள். 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள்.

இந்த மரத்துக்காக ஒரு ராஜ்ஜியமே விழுந்திருக்கிறது. 1863-இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், கணக்கில் காட்டாமல் தேக்கு எடுத்ததாகச் சொல்லி மாண்டலே அரசவை 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து 1885-இல் பிரிட்டிஷ் படை மேல் பர்மாவுக்குள் நுழைந்தது. மன்னர் தீபா இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே 1916-இல் இறந்தார். கடியாபட்டியிலோ கோனாபட்டிலோ ஒரு தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவரின் கைக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

பணம் வந்த வழி

மரம் வாங்கிய பணம் நெல்லிலிருந்து வந்தது. 1852-இல் கீழ் பர்மா பிரிட்டிஷ் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி சுருங்கியது. 1850-களின் நடுவில் ஏழெட்டு லட்சம் ஏக்கராக இருந்த ஐராவதிக் கழிமுகத்து நெல் சாகுபடி, 1930-களின் நடுவில் 87 லட்சம் ஏக்கர். சதுப்பை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவனுக்கு மாடு வாங்கவும் விதை வாங்கவும் முன்பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவன் வாசலுக்குப் போகவில்லை. செட்டியார் போனார்.

1929-30-இல் அமர்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் 1,650 நகரத்தார் கடைகளைக் கணக்கிட்டது. அவற்றின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்றது. மற்ற உள்ளூர்க் கடன் கொடுப்போரை விட இவர்கள் வாங்கிய வட்டி குறைவு என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால், அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது, அடமானங்கள் மூழ்கின. கீழ் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்கள் வசமிருந்த நிலம், 1938-இல் 25 பங்காக ஏறியது. நிலத்தை விரும்பி எடுத்தார்களா, வேறு வழியின்றி எடுத்தார்களா என்பது பொருளாதார வரலாற்றாளர்களின் விவாதம். நிலத்தை இழந்தவனுக்கு அந்த விவாதத்தால் ஆனது ஒன்றுமில்லை. 1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் உழவர் கலகம் வெடித்தது.

கடைக்குள்ளும் அடுக்குகள் இருந்தன. ஊரில் முதலாளி, கடல் கடந்த கடையில் மூன்றாண்டுத் தவணைக்குப் போன ஏஜண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ‘கொண்டுவிக்கப் போயிருக்கிறார்’ என்று ஊரில் சொல்வார்கள். போனவர்களில் பலர் மாளிகைக்காரர்கள் அல்லர். சம்பளத்துக்குப் போன அதே சமூகத்து ஏழைப் பிள்ளைகள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள். ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம்; அவ்வளவுதான் ஒரு கடை. பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அதே இடத்தில் படுக்கை. ப. சிங்காரத்தின் நாவல்களில் அந்த வட்டிக்கடை வாழ்க்கை வரும். பினாங்கில் பாயில் படுத்தவரின் உழைப்புதான் பனையப்பட்டியில் பிரம்புக் கட்டிலாக நின்றது. அந்தக் கட்டிலில் அவர் படுத்த இரவுகள் சொற்பம்.

இன்று ஆன்டிக் கடைகளில் அதிகம் கைமாறும் பொருள்களில் ஒன்று அந்தக் ‘கணக்குப்பிள்ளை மேசை’. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவருக்கு முழங்காலுக்கு மேல் வரும் உயரம், சரிந்த மூடி, உள்ளே மைக்கூட்டுக்கும் சில்லறைக்கும் அறைகள். பெங்களூரு அடுக்ககத்தில் அதன் மேல் மடிக்கணினி இருக்கிறது. புதுச்சேரி விடுதியில் பூச்சாடி இருக்கிறது. மேசை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குள் இருந்த பேரேடுகளில் பெரும்பங்கு பழைய காகிதக் கணக்கில் எடைக்குப் போய்விட்டது.

உளி பிடித்த கை

ஒரு காலத்தில் தமிழகத்தில் தச்சனுக்கு விலாசம் இருந்தது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. பழைய செப்பேடுகள் பலவற்றின் கடைசி வரியில், எழுத்து வெட்டியவன் தன் பெயரைச் சேர்த்திருக்கிறான். மன்னன் பெயரில் தொடங்கிக் கம்மாளன் பெயரில் முடியும் ஆவணங்கள் அவை.

அதனால் கம்மாளர் வாழ்வு உயர்ந்து கிடந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கோனேரின்மைகொண்டான் பெயரில் அமைந்த கரூர்க் கோயில் கல்வெட்டு ஒன்று, கொங்கு நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறது: நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் ஆணையிட்டுக் கொடுக்க வேண்டிய உரிமையாக இவை இருந்தன என்றால், அதுவரை நிலைமை என்ன என்பதைக் கல்வெட்டு சொல்லாமலே சொல்லிவிடுகிறது. ஊராரின் சுவர்களை எழுப்பியவர் தன் சுவரைப் பூச அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

செட்டிநாட்டு வீட்டின் தலைவாசல் நிலையை நின்று பார்க்க வேண்டும். மேலே கஜலட்சுமி, இருபுறமும் யானையும் யாளியும், கொடியோடும் சட்டத்தில் கிளிகள். ஒரே பலகையில் ஆழம் ஆழமாக மூன்று அடுக்குச் செதுக்கல். உளி ஒருமுறை வழுக்கினால் பலகை முழுதும் வீண். விலை போட்டு வந்த பர்மா மரம். கட்டிலின் கால்கள் கடைசல். நாற்காலிச் சட்டங்கள் ஆணியின்றித் துளையும் கழுந்துமாகப் பூட்டியவை. விக்டோரியா காலத்து இங்கிலாந்து நாற்காலியின் படத்தையோ மாதிரியையோ பார்த்து, அதன் முதுகில் அன்னத்தை உட்கார வைத்தவர் ஆசாரி. ‘இந்தோ-ஐரோப்பியப் பாணி’ என்று ஏலக் குறிப்பேடுகள் இதற்குப் பெயர் சூட்டுகின்றன. பாணியை உருவாக்கியவர் பெயர் அந்தக் குறிப்பேட்டில் இருக்காது.

பிரான்சில் வேறு விதமாக நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் தச்சர் சங்கம், உறுப்பினரான ஒவ்வொரு தச்சரும் தான் செய்த மரச்சாமானில் தன் பெயர் முத்திரையை அடிக்க வேண்டும் என்று விதி செய்தது. தரம் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக வந்த விதி. 1791-இல் புரட்சி அரசு சங்கங்களைக் கலைக்கும் வரை அது நீடித்தது. இன்று ஏலத்தில் அதே நாற்காலிக்கு முத்திரை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. அதே காலத்தில் லண்டனில் தாமஸ் சிப்பண்டேல் தன் வடிவங்களை 1754-இல் புத்தகமாகவே போட்டுப் பெயரை நிறுத்திக்கொண்டார். அப்போது இங்கிலாந்தை ஆட்கொண்ட மகோகனி மரத்தை ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் விரிகுடாக் காடுகளிலும் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். தச்சருக்கு முத்திரை கிடைத்த நாட்டிலும் கோடாலிக்காரருக்கு அது கிடைக்கவில்லை.

உட்காரும் உயரம்

மரச்சாமான் என்பது யார் எங்கே உட்காரலாம் என்ற சட்டத்தின் மர வடிவம். நகரத்தார் வீட்டின் அமைப்பே அதைக் காட்டும். தெருவில் நின்று பேசியவர், திண்ணைக்கு வரக்கூடியவர், பட்டாலையில் அமரக்கூடியவர், வளவுக்குள் போகக்கூடியவர், இரண்டாங்கட்டில் வேலை செய்தவர் என ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை. வீட்டுக்காரர் பெரும்பாலும் பாயிலும் திண்டிலும் அமர்ந்தவர். நாற்காலிகள் முகப்பில் வரிசையாகக் கிடந்தது கலெக்டருக்கும் திவானுக்கும் வங்கித் துரைக்கும். உபயோகத்துக்கு வாங்கியவை அல்ல என்பதால்தான் பல நாற்காலிகள் நூறாண்டு கழித்தும் புதுசு போல் இருக்கின்றன.

பழம்பொருள் சந்தையின் வேடிக்கை இங்கேதான் தொடங்குகிறது. உழைத்த பொருள் தேய்ந்து போகும். உழைக்காத பொருள் பழம்பொருளாகும். பூவரசுச் சட்டம் அடித்த கயிற்றுக் கட்டில், வேப்பமர முக்காலி, தானியக் குதிர், நெல்லடித்த பலகை ஆகியவை புதுக்கோட்டைக் குடியானவர் வீட்டில் மூன்று தலைமுறை தாங்கியிருந்தாலும், கடைசியில் அடுப்புக்குத்தான் போயின. பூட்டிய அறையில் துணி போர்த்திக் கிடந்த சாமான்தான் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் வெளியே வந்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீட்டுக்கு அருகிலேயே குயவர், நெசவாளர், உழவர் வீடுகளும் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போனால், எந்த வீட்டில் சாமான் இருக்கிறது, எந்த வீட்டில் கருவி இருக்கிறது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

உட்காரும் உயரம் பழங்கதை ஆகிவிடவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாகிக் கைதுகள் வரை போனது. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் விசாரணைக்காகப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இறையூர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். தமிழகக் கிராமத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் ஏறி அமர்ந்த முதல் நாற்காலி அநேகமாக வாடகைப் பந்தல்காரர் கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிதான். அதில் கைவேலை இல்லை, அழகும் இல்லை. யார் உட்கார்ந்து எழுந்த நாற்காலி என்று அடையாளமும் இல்லை. அதுதான் அதன் பெரிய குணம். தொண்டைமான் மன்னரின் புது அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வருகிறவர்களும் அங்கே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீடு பிரிந்தபோது

1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். வெ. சாமிநாத சர்மா அந்த நடையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். வழியில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் கப்பல் சீட்டுக்கு வழியில்லாத கூலிகள். 1948-இல் பர்மா நில தேசியமயச் சட்டம் வந்தது; 1963-64-இல் நே வின் அரசு வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. முதல் போய்விட்டது. வீடு மட்டும் நின்றது.

ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்குதாரர்கள். சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர். ஓடு மாற்றப் பணம் போட ஆள் இல்லாத வீட்டை விற்கவும் அத்தனை பேர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து கிடைத்த வீடு இடிப்புக்காரரிடம் போனது. தூண் தனியாக, நிலை தனியாக, உத்திரம் தனியாக, கண்ணாடி தனியாக விலை. முழு வீட்டின் விலையை விடத் துண்டுகளின் கூட்டுத்தொகை பல நேரங்களில் அதிகம். ஆகவே இடிப்பது லாபம். கடியாபட்டி சிதம்பர விலாஸ் போலச் சில வீடுகள் பாரம்பரிய விடுதிகளாகித் தப்பின. மற்ற வீடுகளின் கதவுகள் நட்சத்திர விடுதிகளின் வரவேற்பறைகளில் மேசைகளாகக் கிடக்கின்றன.

பர்மாவில் இன்று நடப்பதும் இந்த வியாபாரத்தைத் தூண்டுகிறது. 2014 ஏப்ரலில் மியான்மர் முழுத்தடி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்நாட்டு அரசு மரக் கழகத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தது. ஈட்டி மரத்துக்கோ தமிழகத்தில் 1994-இலேயே தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் இருக்கிறது. புது மரம் அரிதாக அரிதாக, பழைய உத்திரத்தை அறுத்துப் ‘பழைய பாணி’ மேசை செய்வது தொழிலாகிவிட்டது. உண்மையான மரம், புதிய மேசை, பழைய விலை.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப்புதையல்கள் சட்டப்படி, நூறாண்டைக் கடந்த கைவினைப் பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. மாளிகைகள் மும்முரமாக எழும்பிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பதாண்டுகளும். ஆண்டுக்கு ஆண்டு, வீடு வீடாக, சாமான்கள் அந்த நூறு என்ற கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால், ஒரு நாற்காலியின் வயதை நிரூபிக்கத் தேதி வேண்டும். தேதி சொல்லக்கூடியவை வீட்டுக் கணக்கும் செய்தவர் பெயரும். இரண்டுமே தொலைந்த பிறகு, கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் வயது.

சண்டிகர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1950-களில் அந்நகர அலுவலகங்களுக்காகப் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகளை, உடைசல் என்று அரசு அலுவலகங்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளின. அவையே ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சங்களுக்குப் போயின. 2011-இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. அங்கே விலை ஏறக் காரணம் ஒரு பெயர். அந்த நாற்காலிகளை அறுத்து, இழைத்து, பிரம்பு பின்னிய பஞ்சாபித் தச்சர்களின் பெயர்களை ஏல நிறுவனங்கள் அச்சிடுவதில்லை. எங்கே நாற்காலிக்குப் பெயர் வேண்டுமோ அங்கே வரைந்தவர் பெயர் வருகிறது. வரைந்தவர் இல்லாத செட்டிநாட்டில் உடைமைக்காரர் பெயர் வருகிறது.

பட்டறையில் இன்று

இழைப்புளி, கொட்டாப்புளி, வாய்ச்சி, உளிவரிசை என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் திண்ணையிலேயே பட்டறை போட்ட ஆசாரி இப்போது அரிது. பிளைவுட்டும் ஒட்டுப்பலகையும் வந்துவிட்டன. அறைகலன்கள் பெட்டியில் வந்து திருகாணியில் நிற்கின்றன. செதுக்கத் தெரிந்தவர்களில் ஒரு சாரார் ஆன்டிக் கடைகளின் பின்கட்டில் வேலை செய்கிறார்கள்: உடைந்த காலுக்கு ஒட்டு, போன கிளிக்கு மூக்கு, உப்புத்தாள் தேய்ப்பு, அரக்குப் பாலிஷ். நூறாண்டுக்கு முன் முன்னோர் செதுக்கியதன் சேதத்தை இன்று தினக்கூலிக்குச் சரிசெய்கிறார்கள். செய்து முடித்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அவர்களுக்கு நல்ல பெயர்.

அரசுகளுக்குக் கைவினைஞர் நினைவு வராமல் இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அது குலத்தொழிலை நோக்கிப் பிள்ளைகளைத் தள்ளும் என்று தமிழக அரசு மறுத்து, குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்துக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் கொண்டுவந்தது. விவாதம் சாதியைப் பற்றியது. திட்டங்கள் இரண்டுமே கடனும் மானியமும் பற்றியவை. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு யார் பெயர் என்ற கணக்கு எந்தத் திட்டத்திலும் வரவில்லை.

அந்தக் கணக்கை எழுதுவது அவ்வளவு கடினமும் அல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்த செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கான ஆவணப்படுத்தலில் தூணும் ஓடும் தளமும் அளக்கப்படும்போது ஆசாரி குடும்பங்களிடமும் நான்கு கேள்வி கேட்கலாம். திருமயம் வட்டத்தில் எந்த வீட்டுக்கு எங்கள் தாத்தா வேலை செய்தார் என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் சில காலம்தான் இருப்பார்கள். கணக்கெழுதுவதில் நகரத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது. காலணா செலவையும் பேரேட்டில் ஏற்றிய வீட்டில், தச்சுக்கூலி மட்டும் ஏறாமலா இருந்திருக்கும்? மாடியறைப் பெட்டகங்களில் மிஞ்சிக் கிடக்கும் கணக்குகளை எடைக்குப் போடாமல் வாங்கிவைக்க ஓர் ஆவணக் காப்பகம் போதும். 1910-இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது. அங்கு வைக்கும் மரச்சாமானின் விவரச்சீட்டில் மரம், காலம், இடம் என்ற வரிகளுக்குக் கீழே ‘செய்தவர்’ என்று ஒரு வரி சேர்த்துக் காலியாகவே விட்டாலும், பார்க்கிறவர் ஒரு நொடி நிற்பார்.

ஆன்டிக் கடைக்கு வரும் பெரிய கட்டில் முழுதாக வருவதில்லை. பிரித்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள். பிரிக்கும்போது, அதுவரை வெளிச்சம் படாத மூட்டுகள் வெளியே வரும். பாலிஷ் ஏறாத வெளுத்த மரத்தில், காலில் ஒரு கீற்று, அதற்குப் பொருந்தும் சட்டத்தில் ஒரு கீற்று. அடுத்த காலில் இரண்டு, அடுத்த சட்டத்தில் இரண்டு. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று மறக்காமலிருக்க, செய்த ஆசாரி உளி முனையால் போட்ட கணக்கு. வாங்கியவர் வீட்டில் கட்டிலைத் திரும்பப் பூட்டப் போகும் பையன் அந்தக் கீற்றுகளை விரலால் தடவி எண்ணுவான். ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு. கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டியதும் கழுந்து உள்ளே போய்விடும். கீற்றுகள் மறுபடி இருட்டுக்குள்.